கேட்கப்படாத ஒரு கேள்வி

2008 செப்டம்பரில் சாலை விபத்தில் படுகாயமடைந்த 15 வயது ஹிதேந்திரனுக்குச் சென்னையில் மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்டது. மருத்துவர்களான பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்ய முன்வந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து புறப்பட்ட ஹிதேந்திரனின் இதயம், போலீஸார் ஒழுங்குசெய்து கொடுத்த சாலையில் 11 நிமிடங்களில் முகப்பேரை அடைந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்தப் பயணம் பின்னர் திரைப்படமாகவும் வந்தது. மூளைச்சாவு என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது. எல்லாம் பெருமைக்குரியவையே. ஆனால், தானம் என்றாலே ஐசியு, வென்டிலேட்டர், சைரன் என்ற சித்திரமும் நம் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பரபரப்பு எதுவுமே தேவைப்படாத திசு தானம் இதனால் நம் கண்ணில் படாமலே போகிறது.

இதயமும் நுரையீரலும் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்தே கிடைக்கின்றன. அப்படி இறப்பவர்கள் மிகச் சிலர். கண்ணின் கருவிழி, தோல் போன்ற திசுக்களின் கணக்கு வேறு. இதயம் நின்ற பிறகும் சுமார் ஆறு மணி நேரம் அவற்றுக்கு அவகாசம் உண்டு. வீட்டில் இறந்தவரிடமிருந்தும் பெறலாம். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்திவைத்தால் போதும். கண் வங்கிக் குழு வந்து அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடும். கண்ணாடி அணிந்தவர், சர்க்கரை நோயாளி, கண்புரை அறுவை செய்துகொண்டவர் ஆகியோரும் கண் தானம் செய்யலாம். தோலைப் பொறுத்தவரை, தொடை, முதுகு போன்ற இடங்களிலிருந்து வெங்காயச் சருகைப் போன்ற மெல்லிய மேலடுக்கு மட்டுமே எடுக்கப்படுகிறது. கிளிசராலில் பதப்படுத்தினால் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. தீக்காயத்தில் தோலை இழந்த உடலிலிருந்து நீர் வற்றாமலும், கிருமி புகாமலும், சொந்தத் தோலை ஒட்டும் நிலை வரும்வரை காக்கும் போர்வை அதுதான்.

திசு தானத்துக்கு எழும் முதல் மறுப்பு, உடல் சிதைந்துவிடும் என்பது. கருவிழி எடுத்த கண்ணின் இமைகள் மூடியே இருக்கும்; தோல் எடுத்த இடத்தில் கட்டுப் போட்டுத் துணி உடுத்திவிடுவார்கள். முகம் பார்க்க வருபவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. குறையுள்ள உடலை எரித்தால் மறுபிறவியில் பார்வை இருக்காது என்பது அடுத்த அச்சம். நெருப்பு எதையும் மிச்சம் வைப்பதில்லை என்ற பதில் இருக்கவே இருக்கிறது. அதைவிட வலுவான பதில் இலங்கையில் இருக்கிறது. டாக்டர் ஹட்சன் சில்வா 1961-ல் தொடங்கிய கண் தான சங்கம், பௌத்தத்தின் தானம் என்ற கருத்தையே ஊன்றுகோலாக்கி, தன் நாட்டின் தேவைபோக ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கருவிழி அனுப்பியிருக்கிறது. இலங்கை பணக்கார நாடல்ல. தயக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் மத நம்பிக்கையே அங்கே கொடைக்குத் தூண்டுதலாயிற்று.

மூன்றாவது மறுப்பைத் தள்ளிவிட முடியாது. சிறுநீரக வியாபாரச் செய்திகளைப் படித்தவர்களுக்கு மருத்துவமனை மீது சந்தேகம் வருவது இயல்பு. உயிரைக் காப்பாற்றும் முயற்சியை உறுப்புக்காகக் கைவிட்டுவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. ஆனால் திசு தானத்தில் அந்தப் பயத்துக்கே இடமில்லை. இதயம் நின்று, மரணம் உறுதியான பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கிய 1994-ம் ஆண்டுச் சட்டம், 2011-ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் திசுக்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. விபத்தில் இறந்து பிரேதப் பரிசோதனைக்குச் செல்லும் உடலிலிருந்து தானம் பெறவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பிறகு ஏன் திசு தானம் போதிய அளவில் நடப்பதில்லை? பல நேரங்களில், கேட்க ஆள் இல்லாததால். ஐசியுவில் இருப்பவரின் குடும்பத்திடம் தானம் குறித்து விசாரிப்பதை 2011 திருத்தம் மருத்துவரின் கடமையாக்கியது. பொது வார்டிலும் பிணவறை வாசலிலும் அந்தக் கடமை யாருக்கும் இல்லை. துக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது கொடுமை என்பார்கள். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் அமர்ந்து, மறுக்கும் உரிமையையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டால் அதில் கொடுமை இல்லை. கேட்காமலே விட்டுவிட்டு, ஆறு மணி நேரம் கடந்த பிறகு அந்தக் குடும்பத்துக்குத் தெரியவருவதுதான் கொடுமை. மாவட்ட அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இரவு பகலாக இதற்கென ஓர் ஆலோசகரை நியமிப்பது அரசின் வேலை.

நம் வேலை அதைவிட எளிது. தானப் படிவத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. கடைசியில் முடிவெடுப்பது குடும்பமே. ஆகவே இன்றிரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் விருப்பத்தை வீட்டாரிடம் சொல்லுங்கள்; அருகிலுள்ள கண் வங்கியின் எண்ணை அவர்கள் கைபேசியில் பதிந்து கொடுங்கள்.