ஆனந்தம் யாருக்கு, ஆதாயம் யாருக்கு?

"வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள்! குழந்தை கண் முன்னால் இருக்கும், கையில் நாலு காசு சேரும், வாழ்வில் லட்சியமும் மனதில் ஆனந்தமும் பெருகும்!" தாய்மார்களுக்கு இப்படி ஓர் உபதேசம் நாலா பக்கமிருந்தும் பொழிகிறது. உபதேசிக்கும் கனவான்களின் வீட்டில் சமையலுக்கு ஓர் அம்மாள், பிள்ளையைப் பார்க்க ஓர் ஆயா. ஆனந்தத்துக்குக் குறைச்சல் ஏது?

தோழர்களே, இந்த உபதேசத்தை ஒரகடத்தில் வைத்து உரைத்துப் பார்ப்போம்.

ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த பூமி இது. இன்று கார் கம்பெனி, டயர் கம்பெனி, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. விடியுமுன்பே கம்பெனி பஸ்கள் தூர ஜில்லாக்களின் இளம் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அவர்கள் தங்குவதற்கென்று பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். நல்லது, உழைக்கிற பெண்ணுக்குப் படுக்க இடம் வேண்டும். ஆனால் படுக்கைகளை எண்ணிய கை தொட்டில்களையும் எண்ணியதா?

அதே ஆண்டு ஜூனில்தான் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்பது அந்தச் செய்தி. கம்பெனி மறுத்தது. மத்திய சர்க்கார் மாநில சர்க்காரிடம் அறிக்கை கேட்டது; தேசிய மனித உரிமைக் கமிஷனும் தலையிட்டது. அந்த விவகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கம்பெனியோடு முடிகிற கதையா இது? கல்யாணம், பிரசவம் என்றதும் ஆலை வாழ்க்கை முடிந்துபோன பெண்களை இந்த வட்டாரக் கிராமங்களில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அவர்களைப் பார்த்துத்தான், "வீட்டிலிருந்தே ஆனந்தம் காண்!" என்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, வெளியே காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போல!

அப்படி ஒரு பெண்ணைப் போன மாதம் சந்தித்தேன். நாலு வருஷம் ஆலையில் நின்று வேலை செய்தவள். இப்போது கைக்குழந்தையோடு வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் அடித்துக் கொக்கி வைக்கிறாள். ஏஜெண்ட் மூட்டையைப் போட்டுவிட்டுப் போவான். நூல் அவளுடையது, ஊசி அவளுடையது, விளக்கு எரியும் கரண்ட் பில் அவளுடையது, தையல் மிஷின் மகளிர் குழுக் கடனில் வாங்கியது. குழந்தையின் கை பட்டுத் துணியில் கறை விழுந்தால் கூலியில் பிடித்தம். ஆலை முதலாளிக்கு வாடகை, கரண்ட், மேஸ்திரி என்று எத்தனை செலவு! இங்கே எதுவுமில்லை. தொழிலாளியின் குடிசையே ஆலை. அவள் தூக்கமே ஓவர்டைம்.

"சந்தோஷமா இருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"புள்ள மொத அடி வச்சதை நான்தாண்ணே பாத்தேன். அது சந்தோஷம்தான். ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கிட்டு ஊசியில நூல் கோக்குறேனே, அதுவுமா சந்தோஷம்?"

தாய்மையின் ஆனந்தம் பொய் என்று எந்தக் கம்யூனிஸ்டும் சொல்லவில்லை. அந்த ஆனந்தத்தையே கூலியில் ஒரு பகுதியாகக் கணக்கெழுதிக் கழித்துக்கொள்கிறானே, அந்தக் களவைத்தான் சொல்கிறோம்.

இது புதிய தந்திரமுமல்ல. இங்கிலாந்தில் வீட்டிலிருந்து லேஸ் பின்னிய பெண்களும் குழந்தைகளும் எப்படிச் சுரண்டப்பட்டார்கள் என்று 1867-லேயே மார்க்ஸ் 'மூலதன'த்தில் எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் போவானேன்? காஞ்சிபுரம் பக்கத்தில்தானே இருக்கிறது! பட்டுத் தறியில் உட்காருகிறவன் புருஷன். தார் சுற்றிக் கொடுப்பவள் மனைவி. கூலி அவன் பெயரில் வருகிறது. அவள் செய்தது 'ஒத்தாசை'யாம்!

அப்படியானால் வீட்டில் வேலை செய்கிறவளுக்கு விமோசனமே இல்லையா? உண்டு. பீடித் தொழிலாளிகளைப் பாருங்கள். குடியாத்தத்திலும் நெல்லைச் சீமையிலும் வாசல் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிய தாய்மார்களைத் தங்கள் தொழிலாளிகளே அல்ல என்று முதலாளிகள் சாதித்தார்கள். போராட்டம் நடந்தது. 1966-ல் வந்த பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றினாலும் அவள் தொழிலாளியே என்றது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள், 1974-ல் தோற்றார்கள். 1985-ல் வருங்கால வைப்பு நிதியும் வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பாயிற்று. பீடி சுற்றுகிறவளுக்குக் கிடைத்த அந்தஸ்து கொக்கி தைக்கிறவளுக்கு ஏன் கூடாது?

2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய சட்டத் தொகுப்புகளில் 'வீடு சார்ந்த தொழிலாளி' என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அவளை அமைப்புசாராப் பட்டியலில் தள்ளி, சர்க்கார் திட்டம் போடும்போது பார்க்கலாம் என்கிறார்கள். வீட்டு வேலைத் தொழிலாளருக்கான சர்வதேச உடன்படிக்கை 1996-லேயே ஜெனீவாவில் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017 முதல் சட்டம் சொல்கிறது. காண்ட்ராக்ட் ஆட்களைத் தலையெண்ணும்போது மட்டும் கம்பெனிக் கணக்கில் அவர்கள் எங்கே மறைகிறார்கள்?

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். 2024-ல் சர்க்கார் எடுத்த நேரக் கணக்குப்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதில் செலவழிப்பது ஒரு நாளைக்கு 289 நிமிஷம். ஆண் 88 நிமிஷம். அதே ஆண்டு சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமில்லாத அந்த நாட்களில் வீடுகளில் உலை வைத்தது யார்? சங்கக் கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு வைத்துவிட்டு, "பெண்கள் வருவதில்லை" என்று ரிப்போர்ட் எழுதுவது நியாயமா?

ஏஜெண்ட் ஒவ்வொரு மூட்டைக்கும் அளவும் கூலியும் எழுதிக் கையெழுத்திட்ட புத்தகம் கொடுக்க வேண்டும். நூல், கரண்ட் செலவு கூலியோடு சேர வேண்டும். ஆலை வாசலில் தொட்டில் கட்டி, தாயானவளையும் வேலைக்கு எடுக்க வேண்டும். வீட்டிலா ஆலையிலா என்பதை அதன் பிறகு அவளே தீர்மானிக்கட்டும்.

அந்தக் கிராமத்தில் வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்திருக்கிறோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். வரலாம் என்றேன். கூட்டம் முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆண் தோழர்கள் நாலு பேர் பெயர் கொடுக்க வேண்டும். இதுவரை இரண்டு பேர்தான் கொடுத்திருக்கிறார்கள்.