துணி ஒன்று, தைத்தவர் பலர்



இந்தச் சுவரில் மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம் என்று நிறையப் படித்திருக்கிறோம். நான் எழுதப் போவது கம்ப்யூட்டருக்குள் மாட்டும் ஒரு பொருளைப் பற்றி. அதன் பெயர் கிராஃபிக்ஸ் கார்டு. "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"னு நகர்ந்து போயிடாதீங்க. அந்தக் கார்டில் எந்தக் கம்பெனியுடையதை வாங்குவது என்ற ஒரே கேள்வியால் எங்கள் அத்தையின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தாய்மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். இப்போதெல்லாம் கேமராவும் பெரிது, படமும் பெரிது. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைச் சுத்தம் செய்ய மாமாவின் கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ஓடும். காலையில் போய்ப் பார்த்தால் பாதியில் நின்று போயிருக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க போன் மேல போன் போடுவாங்க. மாமாவும் அவர் கூட்டாளியும் பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்கும் எடிட்டிங் செய்து கொடுப்பதால், என்விடியா கம்பெனியின் ஆர்.டி.எக்ஸ். 5090 என்ற கார்டை வாங்குவது என்று முடிவு செய்தார்கள். அவ்வளவு பெரிய கார்டு தேவையா என்பது வேறு கட்டுரை. தேவை என்று முடிவான பிறகு எதை வாங்குவது என்பதுதான் என் கட்டுரை.

லீவில் மாமாவோடு நானும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் மேசை மேல் ஐந்து பெட்டிகளை அடுக்கினார். ஐந்திலும் 5090 என்றுதான் போட்டிருந்தது. ஆனால் விலை குறைந்த பெட்டிக்கும் விலை கூடிய பெட்டிக்கும் நடுவில் எண்பதாயிரம் ரூபாய் வித்தியாசம்! மாமா கையில் இருந்த பணம் முதல் பெட்டிக்குச் சரியாக இருந்தது. கடைசிப் பெட்டி என்றால் சங்கிலியை வைக்க வேண்டும். என் அண்ணன் போனில், "மாமா, பெருசையே வாங்குங்க, அதுதான் கெத்து" என்றான். மாமாவுக்கும் ஆசைதான். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள் இல்லையா?

நான் கடைக்காரரிடம், "அண்ணா, உள்ளே இருக்கிற சில்லு அஞ்சிலயும் வேற வேறயா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்து, "எல்லாம் ஒரே சில்லுதான் சார்" என்றார். கேட்டது நான், பதில் மாமாவுக்கு. பரவாயில்லை. அந்த ஒரு வரி பதில்தான் இந்தக் கட்டுரைக்கே அஸ்திவாரம்.

விஷயம் இதுதான். 5090-இன் மூளை ஒரு சில்லு. அதன் பெயர் ஜி.பி.202. அதில் 9,220 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அமெரிக்காவில் சாண்டா கிளாரா நகரில் இருக்கும் என்விடியா அதை வடிவமைக்கிறது. தைவான் நாட்டின் டி.எஸ்.எம்.சி. கம்பெனி அதைச் செய்து கொடுக்கிறது. அந்தச் சில்லை வாங்கித்தான் ஆசூஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், ஜோட்டாக், பாலிட், பி.என்.ஒய். போன்ற கம்பெனிகள் தங்கள் கார்டைச் செய்கின்றன. சில்லைச் சுற்றியுள்ள பலகை, சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள், ஃபேன், மேல் மூடி, கலர் லைட், அட்டைப் பெட்டி ஆகியவை அந்தந்தக் கம்பெனியின் வேலை. என்விடியாவும் தன் பெயரிலேயே 'ஃபவுண்டர்ஸ் எடிஷன்' என்று ஒன்றை வெளியிட்டது. எல்லாவற்றிலும் நினைவகம் 32 ஜி.பி.தான். வீடியோவைப் பிரித்துப் படிக்கும் பகுதியும் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. அதாவது மாமா எதற்காகக் கார்டு வாங்கப் போனாரோ, அது ஐந்து பெட்டியிலும் ஒன்றுதான்.

நம் யூனிஃபார்மை நினைத்துப் பாருங்கள். ஒரே கடையில் ஒரே துணியைக் கிழித்து நாம் எல்லோரும் வாங்குகிறோம். ஒருவர் பஸ் ஸ்டாண்டு டெய்லரிடம் கொடுக்கிறார். ஒருவர் டவுனில் ஏ.சி. வைத்த கடையில் கொடுக்கிறார். தையல் நேர்த்தியாக இருக்கலாம், பட்டன் கெட்டியாக இருக்கலாம். துணி மாறிவிடுமா? டவுன் டெய்லர் தைத்ததால் கணக்கில் மார்க் கூடுமா?

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா என்றால், இல்லை. தையலிலும் நல்லது கெட்டது உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது வேகம். விலை கூடிய பெட்டியில் 'ஓ.சி.' என்று போட்டிருக்கும். கம்பெனியே சில்லைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வேலையில் அது நூற்றுக்கு மூன்று நான்கைத் தாண்டுவது அபூர்வம். ஒரு மணி நேர வேலையில் இரண்டு நிமிடம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு எண்பதாயிரமா?

இரண்டாவது சூடு. என் அண்ணன் இங்கேதான் என்னை மடக்கினான். "நம்ம ஊர் வெயிலுக்குப் பெரிய ஃபேன் வச்சதுதான் தாங்கும்" என்றான். பாதி சரி. பெரிய தகடும் பெரிய ஃபேனும் சில்லைக் குளிர்ச்சியாக வைக்கும், சத்தமும் குறையும். ஆனால் சூடு எங்கே போகிறது? சில்லை விட்டு அறைக்குள் வருகிறது. 5090 முழு வேகத்தில் 575 வாட் வரை இழுக்கும் என்று என்விடியாவே சொல்கிறது. ஒரு சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். ஏழு ஃபேனுக்கு மேல் ஓடுகிற மின்சாரம் அப்படியே சூடாகி ஸ்டுடியோவுக்குள் இறங்குகிறது. நான்கு ஃபேன் வைத்த கார்டானாலும் அந்த 575 வாட் சூடு அறைக்குத்தான் வரும். சூட்டை வெளியேற்ற ஜன்னல் பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் அது செலவிலும் குறைவு, பலனும் அதிகம். இன்னொன்று, சாஃப்ட்வேரில் கார்டின் மின்சார அளவை நூற்றுக்கு எண்பது என்று குறைத்து வைக்கலாம். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடும் சத்தமும் நன்றாகவே குறையும். அதற்குக் காசு கிடையாது.

மூன்றாவது அளவு. இதை யாரும் கேட்பதே இல்லை. என்விடியாவின் சொந்தக் கார்டு 304 மில்லிமீட்டர் நீளம், நம் அடி ஸ்கேல் அளவு. ஆசூஸ் கம்பெனியின் ஆஸ்ட்ரல் என்ற கார்டோ நான்கு ஃபேனோடு கிட்டத்தட்ட 358 மில்லிமீட்டர். மாமாவின் கேபினெட்டில் நான் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். உள்ளே 34 சென்டிமீட்டர்தான் இடம். பெரியதை வாங்கியிருந்தால் கேபினெட்டையும் மாற்ற வேண்டும். கடையிலேயே நோட்டை நீட்டினேன். அப்போதுதான் கடைக்காரர் முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

நான்காவது வாரண்டி. என்னைக் கேட்டால் இதுதான் முதலாவதாக இருக்க வேண்டும். எத்தனை வருஷம், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், அனுப்புகிற கூரியர் காசு யாருடையது, வாங்கின பிறகு பதிவு செய்ய வேண்டுமா, சரியாகி வர எத்தனை நாள் ஆகும். இந்தக் கேள்விகளுக்கு விலையைப் பார்த்துப் பதில் வராது. விலை அதிகமான பெட்டிக்கும் விலை குறைந்த பெட்டிக்கும் கடைக்காரர் சொன்ன வாரண்டி வருஷம் ஒன்றாகவே இருந்தது!

பெரிய பேர் உள்ள கம்பெனி என்றால் ஆபத்தே வராது என்று நினைப்பதும் தப்பு. மூன்று சம்பவங்கள் சொல்கிறேன்.

2022 செப்டம்பரில் ஈ.வி.ஜி.ஏ. என்ற அமெரிக்கக் கம்பெனி இனிமேல் கிராஃபிக்ஸ் கார்டே செய்வதில்லை என்று அறிவித்தது. வாடிக்கையாளரை நன்றாகக் கவனிப்பவர்கள் என்று பேர் வாங்கிய கம்பெனி அது. பழைய கார்டுகளுக்கு வாரண்டி உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் விலகியது. ஆனாலும் இன்றைக்கு இருக்கும் பேர் நாளைக்கும் இருக்கும் என்று நிச்சயமில்லை என்பது தெரிகிறது.

2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ். 4090 வந்த கொஞ்ச நாளிலேயே, சிலருடைய கார்டில் கரண்டு ஒயர் மாட்டும் இடம் உருகிப் போனது. ஒயரை முழுவதும் அழுத்தி மாட்டாததும் காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு அந்த இணைப்பின் அமைப்பைக் கொஞ்சம் திருத்தினார்கள். அப்படியும் 2025 பிப்ரவரியில் 5090-இலும் உருகிய செய்தி வந்தது. ஒரே மாதிரி இணைப்புதான் எல்லாக் கம்பெனி கார்டிலும் இருக்கிறது.

அதே 2025 பிப்ரவரியில் இன்னொன்றும் வெளிவந்தது. சில 5090 கார்டுகளில் படம் வரையும் அலகுகள் 176 இருக்க வேண்டிய இடத்தில் 168தான் இருந்தன. நூற்றுக்கு அரை பங்குக்கும் குறைவான கார்டுகளில்தான் இப்படி என்று என்விடியா ஒப்புக்கொண்டது. குறை சில்லிலேயே இருந்ததால் வேறு வேறு கம்பெனிகளின் கார்டுகளில் அது இருந்தது. துணியிலேயே ஓட்டை இருந்தால் எந்த டெய்லர் என்ன செய்வார்? வாங்கின அன்றைக்கே ஜி.பி.யு.-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரில் 176 இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் மாற்றிக் கேட்க வேண்டும்.

விலை கூடிய கார்டே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நியாயத்தையும் எழுத வேண்டும். ஆசூஸ் ஆஸ்ட்ரல் கார்டில் கரண்டு ஊசி ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன உருகும் ஆபத்துக்கு அது முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும். அது லைட் மாதிரி வெறும் அலங்காரம் இல்லை. பாட்டு ரெக்கார்டிங் செய்கிற இடத்தில் சத்தமே கூடாது என்றால் பெரிய கார்டு வாங்கலாம். கையில் காசு மிச்சம் இருப்பவர் அழகுக்கு வாங்கினாலும் தப்பில்லை. அடகு வைத்து அழகு வாங்கக் கூடாது. அதுதான் நான் சொல்வது.

என்விடியா 2025 ஜனவரியில் இந்தக் கார்டை அறிவித்தபோது இந்தியாவில் ஆரம்ப விலை ரூ.2,14,000 என்றது. கடைகளில் அதற்கு மேல்தான் விற்றார்கள். ஏற்கெனவே அவ்வளவு கொடுக்கிறோம். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிடமும், "நீ எதுக்குப் போற?" என்று கேட்க வேண்டாமா?

மாமா கடைசியில் விலை குறைந்த பெட்டியைத்தான் வாங்கினார். பவர் சப்ளையைப் புதிதாக, 1000 வாட்டில் வாங்கினார். அது என்விடியாவே சொல்லும் அளவு. ஒயரை 'டக்' என்று உட்காரும் வரை அழுத்தி மாட்டி, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். 176 இருந்தது. பில்லையும் பெட்டியையும் அத்தை பீரோ மேல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. முழு வேகத்தில் ஓடும்போது ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. அண்ணன் இன்னும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறான். மாமா, "சத்தம் கேட்டாத்தான்டா வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்று சிரிக்கிறார். அத்தை எதுவும் சொல்லவில்லை. சங்கிலி அவர்கள் கழுத்தில் இருக்கிறது.

தோழர்களே, தோழிகளே! நாளைக்கு நீங்கள் வாங்கப் போவது கார்டாக இருக்கலாம், செல்போனாக இருக்கலாம், சைக்கிளாகக்கூட இருக்கலாம். மேசை மேல் ஐந்து பெட்டி வைத்தால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே இருப்பது ஒன்றா, வேறா?" பதில் வேறு ஒருவர் முகத்தைப் பார்த்து வந்தாலும் பரவாயில்லை. காதில் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது பழமொழி. மின்னுவதற்காகப் பொன்னை அடகு வைக்காதே என்பது நான் சேர்ப்பது.

இதுவே என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதலாம். என் அண்ணனும் எழுதலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி