கேட்டறிவது உரிமை

கருப்பையில் கட்டி என்றதும் கருப்பையையே அகற்றிவிடுவதுதான் வழி என்னும் எண்ணம் எம்மவரிடையே இன்றும் வேரூன்றியிருக்கிறது. பைப்ரோயிட் எனப்படும் இத்தசைக் கட்டிகள் புற்றுநோயல்ல. ஆயினும் மிகையான இரத்தப்போக்கினாலும் சோகையினாலும் வலியினாலும் அவை பெண்களை வாட்டுகின்றன. வெளியே சொல்லக் கூசி, பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குச் சென்றுவரும் தாய்மார் டென்மார்க்கில் வாழும் எம்மிடையேயும் உள்ளனர்.

கருப்பையை அகற்றாமலே இக்கட்டிகளைச் சுருங்கச் செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. அது பிறந்த வரலாறு எமக்கு ஒரு பாடமாகும். 1953இல், அயல்நாடான சுவீடனைச் சேர்ந்த வைத்தியர் செல்டிங்கர், ஊசித்துளை வழியே இரத்தக் குழாயினுள் மெல்லிய குழாயைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். 1970களின் இறுதியில், மகப்பேற்றின் பின் பெருகும் குருதியை நிறுத்த, இவ்வழியே நாடிகளை அடைக்கத் தொடங்கினர். பாரிஸில் ஜாக் ரவினா குழுவினரோ, கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சையில் குருதியிழப்பைக் குறைக்கும் முன்னேற்பாடாகவே இதனைக் கையாண்டனர். ஆனால், சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த பெண்கள் சிலருக்கு நோயின் தொல்லைகள் தணிந்துவிட்டன. முன்னேற்பாடே சிகிச்சையாயிற்று. 1995இல் 'லான்செற்' மருத்துவ இதழில் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 பெண்களுள் 11 பேர் நலமடைந்தனர். மூவருக்கு ஓரளவு குணம் கிட்டியது. இருவருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது.

நாடி வழியே செலுத்தப்படும் நுண்துகள்கள் கட்டிக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுக்கின்றன. கட்டி மெல்லச் சுருங்குகிறது. வயிற்றைக் கீறவேண்டியதில்லை. எனினும் இது சகலருக்கும் உகந்த மருந்தன்று. சிகிச்சையின் பின் கடும் வலியும் காய்ச்சலும் வரலாம். 157 பெண்களிடம் நடத்தப்பெற்று 2007இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், இம்முறையைப் பெற்றோர் விரைவில் வழமைக்குத் திரும்பினர். ஆனால் அவர்களுட் சிலருக்கு மீண்டும் சிகிச்சை வேண்டியிருந்தது. இனியும் பிள்ளைப்பேற்றை விரும்புவோர் வைத்தியருடன் தீர ஆலோசித்தே முடிவெடுத்தல் வேண்டும்.

இங்குதான் எமது கவலை எழுகிறது. நோயாளிக்கு விளக்கமளித்து, அவரது சம்மதத்தைப் பெற்ற பின்னரே சிகிச்சையளிக்க வேண்டுமென டென்மார்க்கில் 1998இலேயே சட்டமியற்றப்பட்டது. ஏற்புடைய மாற்றுச் சிகிச்சைகளைப் பற்றிக் கூறுவதும் அவ்விளக்கத்தில் அடங்கும். ஆனால் விளங்காத மொழியில் சொல்லப்படுவது விளக்கமாகுமா? பாடசாலை செல்லும் மகனை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் செல்லும் தாய், தன் இரத்தப்போக்கைப் பற்றி அவனிடம் எப்படிச் சொல்வாள்? பாதியை மறைப்பாள்; மீதிக்குத் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலே சம்மதமாகிவிடும்.

ஆகவே, வைத்தியரைச் சந்திக்க நாள் குறிக்கும்போதே தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; பெண்ணாக இருப்பின் நன்று என்பதையும் சொல்லுங்கள். "எனக்கு வேறு வழிகள் உண்டா?" என வினவுங்கள். கணவன்மாரும் இதனைப் பெண்கள் விவகாரமென ஒதுக்காது துணைநிற்றல் வேண்டும். முடிவில் சத்திரசிகிச்சையே தகுந்ததென்றாலும், அது அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். பேசக் கூசி உடல்நலத்தை இழப்பது அடக்கமன்று.