சேறு அல்ல, சந்தை

இன்றைய இளைஞர்களுக்குச் சேற்றில் கால் வைக்க விருப்பமில்லை. அதனால்தான் கிராமங்கள் வெறிச்சோடுகின்றன என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இந்தக் குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடிவதில்லை. இதற்கு நேர்மாறான ஒரு காலத்தை நான் கண்டிருக்கிறேன்.

1970 இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விலை உயர்ந்தது. அரச உத்தியோகத்துக்காகக் காத்திருந்த யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர்கள் பலர் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களுக்குச் சென்று மிளகாய் பயிரிட்டார்கள். விளைச்சலுக்குக் கிடைத்த விலைதான் அவர்களை அழைத்துச் சென்றது. அதே ஆட்சியில் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றதையும் மறைக்கக் கூடாது.

1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிரப்பின. வடபகுதி விவசாயி நிலைகுலைந்தார். மறுவருடமே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவானது. தென்னிலங்கைக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், நெருக்கமான வாடகை அறைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வடக்கில் எஞ்சியிருந்ததைப் பின்னர் போர் அழித்தது.

கிராமத்தின் உபரி உழைப்பு நவீன தொழில்துறைக்கு நகர்வதே வளர்ச்சியின் வழி என்றார் ஆர்தர் லூயிஸ். வாய்ப்பும் விலையும் சரியாக அமைந்தால் ஏழை விவசாயியும் திறமையாகச் செயற்படுவார் என்றார் தியோடர் ஷூல்ட்ஸ். 1979 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. விவசாயம் தேங்கினால் தொழில்துறையும் தேங்கும் என்பதை லூயிஸும் சொல்லியிருந்தார். நமது ஆட்சியாளர்கள் அவரையும் பாதிதான் படித்தார்கள்.

அதன் விளைவை அண்மையில் கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டபோது காலம் கடந்திருந்தது. பெரும்போக நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஜூனில் உணவுப் பற்றாக்குறைக்கு அஞ்சிய அரசு, பயிர் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்தது. வயலில் நின்றவரைக் கைவிட்டுவிட்டு, கந்தோரில் இருந்தவரிடம் மண்வெட்டியைக் கொடுத்த கதை இது.

நகரத்துக்குச் செல்வது குற்றமல்ல. ஆனால் விரும்பிச் செல்வதும் வேறு வழியின்றிச் செல்வதும் ஒன்றல்ல. கிராமத்து இளைஞரைக் குறைகூறுவதற்கு முன்னர், அறுவடை நாளில் அவரது தந்தையின் நெல் என்ன விலைக்குப் போனது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.