விகடகவியை ஏற்காத கணினி

நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவருக்கு முதல் சில வாரங்களிலேயே தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு சொல் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாதிருக்கிறதா எனக் கண்டறிவது. எம், ஏ, டி, ஏ, எம் என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளால் ஆன 'மேடம்' என்ற சொல்லைக் கொடுத்தால் பைத்தான் நிரல் 'ஆம்' என்கிறது. தமிழ் மாணவர் ஒருவர் அதே நிரலில் 'விகடகவி' என்று இட்டால் 'இல்லை' என்னும் விடை வருகிறது. எழுத்துகளை எண்ணச் சொன்னால் ஐந்துக்குப் பதிலாக ஏழு என்கிறது.

நிரலில் பிழை இல்லை. ஒருங்குறியில் 'வி' என்பது வகரத்துக்கு ஓர் எண், இகரக் குறிக்கு ஓர் எண் என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. பைத்தான் எண்ணுவதும் திருப்புவதும் இந்த எண்களைத்தான். திருப்பும்போது இகரக் குறி சொல்லின் தலைப்பில் தனித்து வந்து நிற்கிறது. 'தமிழ்' என்னும் சொல்லுக்கும் இதே நிலைதான்: மூன்று எழுத்து ஐந்தாகிறது, திருப்பினால் புள்ளி முன்னே போகிறது, மகரத்தின் இகரம் ழகரத்தில் ஒட்டிக்கொள்கிறது. இந்தி, வங்காளம், மலையாளம் என உயிர்க்குறிகளைக் கொண்ட இந்திய எழுத்துமுறைகள் அனைத்துக்கும் இது பொது.

இந்த இடத்தில் மாணவர் என்ன நினைத்துக்கொள்கிறார் என்பதே கேள்வி. இதை விளக்கும் பக்கம் அறிமுகப் பாடநூல்கள் பலவற்றில் இல்லை. ஆகவே குற்றம் தம்முடையது என்று ஒருவர் கருதுகிறார். கணினிக்குத் தம் மொழி ஒத்துவராது என்று இன்னொருவர் முடிவு கட்டுகிறார். தாய்மொழி வழியில் பள்ளிக் கல்வி முடித்து வந்தவருக்கு இரண்டாவது எண்ணம் எளிதில் வேரூன்றிவிடும்.

உண்மையில் பாடம் இங்குதான் தொடங்குகிறது. இலக்கண மரபில் 'க்' என்னும் மெய்யே அடிப்படை; அகரம் சேர்ந்து 'க' ஆகிறது. ஒருங்குறியிலோ 'க' அடிப்படை. புள்ளி சேர்ந்து 'க்' ஆகிறது. ஒன்றில் ஓரலகாக இருப்பது மற்றொன்றில் ஈரலகு. எழுத்து என்பது எது என்னும் பழைய இலக்கண வினா கணினியின் உள்ளே வேறொரு விடையோடு அமர்ந்திருக்கிறது. இதைக் கண்டுகொள்ளும் முதலாண்டு மாணவர், கணினி செய்வது யாரோ முன்பே எடுத்த முடிவுகளின்படி என்பதை உணர்கிறார். அந்த உணர்வுக்கு ஈடான தொடக்கம் வேறில்லை.

ஆனால் மொழியும் வரலாறும் பயில்வோருக்கு நம் கல்லூரிகள் பலவற்றில் கணினி எப்படிக் கற்பிக்கப்படுகிறது? கணினித் தலைமுறைகள் எத்தனை, உள்ளீட்டுக் கருவிகள் யாவை என்று மனப்பாடம் செய்து, தாளில் எழுதித் தேர்ச்சி பெறும் 'திறன்' தாளாக. 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கியதன் நோக்கமே, அறிவியல் பயிலாத மாணவரும் தாமே நிரல் எழுத வேண்டும் என்பதுதான். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கே அவர்களுக்குக் கிடைப்பது வரையறைகள் மட்டுமே.

ஆங்கிலம் தடை என்பர். இன்றைய பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35தான். மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். தடையாக இருப்பது அந்தச் சொற்களைவிட, அவற்றைச் சூழ்ந்த விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதே. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகையில் இனி எதற்குக் கற்பது என்றும் கேட்பர். அது தந்த நிரல் 'விகடகவி'யில் ஏழு எழுத்து என்றால், அந்த விடையை நம்புவதா, மறுப்பதா என்று முடிவு செய்யும் அறிவு யாரிடம் இருக்க வேண்டும்? ஒரு சொற்தொகுதியில் எழுத்துகளின் வருகையை எண்ணி ஆய்வேடு எழுதுபவர் இதை அறியாவிட்டால் அட்டவணை முழுவதும் பிழையாகும். அது பிழை என்று யாருக்கும் தெரியாமலும் போகலாம்.

செய்ய வேண்டியது பெரிதன்று. மொழித்துறைகளின் முதற்பருவத்தில் கணினித் தாள் தாளில் எழுதப்படாமல் கணினியின் முன் நடக்கட்டும். பயிற்சிகள் மாணவரின் மொழியிலிருந்து எடுக்கப்படட்டும். முதலில் எண்களை எண்ணும் நிரலையும், பின்னர் உயிர்க்குறியை அதன் மெய்யோடு சேர்த்து எண்ணும் நிரலையும் அவரே எழுதட்டும். அதன் பிறகு ஓப்பன்-தமிழ் போன்ற நிரல் தொகுப்புகள் இதே வேலையை எப்படிச் செய்கின்றன என்று திறந்து காட்டலாம். 'விகடகவி'க்கு 'ஆம்' என்ற விடையைத் தம் கையால் வரவழைத்த மாணவர், அடுத்த பருவத்தில் தாமாகவே அடுத்த கேள்வியோடு வருவார்.