கம்பியை அறுக்கலாமா?

மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் நம் வீட்டு வாசலில் தவறாமல் வந்து நிற்பவர்கள் மூவர். பால்காரர் ஒருவர், பத்திரிகை போடும் பையன் ஒருவன், மூன்றாமவர் கேபிள்காரர். முன்னிருவருக்கும் பணம் கொடுக்கும்போது நமக்கு மனக்குறை தோன்றியதில்லை. பால் காப்பியாகிவிடுகிறது; பத்திரிகை, படித்தது போக, பழைய காகிதக் கடைக்காவது உதவுகிறது. கேபிள்காரருக்கு 295 ரூபாயை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும், "இம்மாதம் இதில் நாம் எதைப் பார்த்தோம்?" என்ற கேள்வி நெஞ்சில் எழுந்து நின்றுவிடுகிறது.

சென்ற மாதம் இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்டுவிட்டோம். விளைவு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நம் இல்லத்துக் கூடத்தில் ஒரு மகாநாடே கூடியது.

கல்லூரியில் படிக்கும் நம் புதல்வன் முதலில் எழுந்தான். "கம்பியை இன்றைக்கே அறுத்துவிடுங்கள், அப்பா! இண்டர்நெட்டில் இல்லாததா கேபிளில் இருக்கிறது?" என்றான். அவன் தங்கை அதை ஆமோதித்தாள். இல்லத்தரசி, "மிச்சமாகும் பணம் யார் கைக்கு வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்" என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். எண்பத்திரண்டு வயதான நம் தாயார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, மெதுவாக, "ஏனப்பா, எட்டு மணிக்கு என் கதை வருமோ, வராதோ?" என்று கேட்டாள்.

மகாநாடு அத்துடன் ஒத்தி வைக்கப்பட்டது. ஏனெனில் இக்கேள்விக்கு நம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அதைத் தேடி ஒரு மாத காலம் கணக்குப் போட்டோம். நம்மைப் போலவே பல குடும்பங்களில் இன்று இந்தக் கணக்கு நடந்துகொண்டிருக்கும் என்பதால் நேயர்கள் முன் அதை வைக்கிறோம்.

இந்தக் கம்பி வீட்டுக்குள் நுழைந்த கதை இளைஞர் பலருக்குத் தெரியாது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியபோது கம்பியும் இல்லை, மாதச் சந்தாவும் இல்லை. ஆண்டுக்கொரு முறை தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டினோம். பிற்பாடு அதையும் எடுத்துவிட்டார்கள். மொட்டை மாடியில் ஓர் ஆண்டெனா இருக்கும். அதன்மேல் காகம் உட்கார்ந்தால் கூடத்தில் செய்தி வாசிப்பவர் ஆடுவார். வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பெட்டி இல்லாத அண்டை வீட்டாரெல்லாம் பாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு பெட்டிக்கு முப்பது ஜோடிக் கண்கள் என்றால் மிகையாகாது.

1991-ஆம் ஆண்டு வளைகுடா யுத்தத்தை வானத்துச் சாட்டிலைட் வழியாக நேரே பார்க்கலாம் என்று தெரிந்ததும், தெருவுக்குத் தெரு இளைஞர்கள் பெரிய வட்டில்களை மாடியில் நிறுத்தினார்கள். அங்கிருந்து தென்னை மரத்துக்கும், தென்னையிலிருந்து விளக்குக் கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து நம் ஜன்னலுக்குமாகக் கம்பி ஓடிற்று. 1993 ஏப்ரல் 14-ஆம் தேதி சன் டி.வி. பிறந்தது. அதன்பின் கம்பி இல்லாத வீடு வீடாக மதிக்கப்படவில்லை. இவ்வளவும் நடந்த பிறகு, 1995-இல், கேபிளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. தெருவில் ஓடிய கம்பியைச் சட்டம் மெதுவாகத் துரத்திக்கொண்டு வந்ததென்று சொல்லலாம். 2006-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சர்க்காரே இலவசமாக வண்ணப் பெட்டிகளை வழங்கியது. பெட்டி இலவசம், அதற்குள் படம் வருவதற்கு மாதச் சந்தா! 2011-இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்ததை நம் தாயார் இன்றும் பொற்காலம் போல் நினைவு கூர்கிறாள்.

நிற்க. எழுபது ரூபாய் எப்படி 295 ஆயிற்று?

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று ட்ராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் மிக நல்லது. பார்க்காத சானலுக்கு எவரும் பணம் கொடுக்க வேண்டாம். வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கம்பிக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய். அதற்குமேல் சானலுக்குத் தக்க விலை. மொத்தத்தின் மீது நூற்றுக்குப் பதினெட்டு வரி. கூட்டமாகக் கட்டி விற்கும் தொகுப்பில் சேரவேண்டுமானால் ஒரு சானலின் விலை 19 ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது விதி. பெரிய சானல்கள் பல என்ன செய்தன தெரியுமா? சொல்லி வைத்தாற்போல் மிகச் சரியாக 19 ரூபாய் என்று விலை போட்டன! தனித்தனியாக நாலைந்தை வாங்கினாலே தொகுப்பின் விலை வந்துவிடும். ஆகவே எல்லோரும் தொகுப்பையே வாங்கினோம். பொறுக்கி எடுக்கும் சுதந்திரம் கைக்கு வந்தது. பொறுக்குவதற்குத்தான் மனிதன் இல்லை. நம் வீட்டில் தொகுப்புகளுக்கு 120, கம்பிக்கு 130, வரி 45, ஆக 295. ஆண்டுக்கு 3,540 ரூபாய். அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் 2024-இல் ஆணையம் நீக்கிவிட்டது.

சரி, கம்பியை அறுத்தால் என்ன? நம் புதல்வனின் கட்சியைப் பரிசீலிப்போம்.

2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி வந்து முதல் சில மாதங்களுக்கு டேட்டாவை இலவசமாகவே வாரி இறைத்தது. மற்றக் கம்பெனிகளும் விலையை இறக்கும்படி ஆயிற்று. கைப்பேசியில் படம் பார்ப்பது பணக்காரரின் பொழுதுபோக்காக இருந்த காலம் அத்துடன் போயிற்று. ஆனால் கைப்பேசி டேட்டாவை நம்பிக் கேபிளை நிறுத்துவது பெரும் பிழை. கணக்கைப் பாருங்கள்: சாதாரணத் தெளிவில் படம் பார்த்தால் மணிக்குச் சுமார் ஒரு ஜி.பி. செலவாகும், உயர்ந்த தெளிவில் மூன்று வரை போகும். நம் தாயார் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் டெலிவிஷன் பார்க்கிறாள். குறைந்த தெளிவிலேயே மாதம் 150 ஜி.பி. ஆயிற்று! நாளுக்கு இரண்டு ஜி.பி. கொடுக்கும் கைப்பேசித் திட்டம் அவளுக்குக் காலைக் காப்பிக்கும் மத்தியான்னச் சாப்பாட்டுக்கும் நடுவிலேயே தீர்ந்துபோகும். ஆகவே வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு இருந்தாலொழிய இந்தப் பேச்சையே எடுக்கவேண்டாம். நம் வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்காக அது ஏற்கெனவே இருக்கிறது. வரியுடன் மாதம் 589 ரூபாய். டெலிவிஷனுக்கென்று அதை வாங்கவில்லையாதலால் கணக்கில் சேர்க்கவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தபடியாகச் சந்தாக்கள். இங்கேதான் நம் புதல்வன் திணறினான். தாயார் பார்க்கும் கதைகளில் ஒன்று ஒரு கம்பெனிக்கு உரியது. இன்னொன்று வேறொரு கம்பெனிக்கு உரியது. முன்னதற்குச் சன் நெக்ஸ்ட், பின்னதற்கு ஜியோஹாட்ஸ்டார் என்று இரண்டு சந்தாக்கள். மருமகள் விரும்பும் கதைக்கு ஜீ5. பிள்ளைகளுக்கு அமேசானும் நெட்பிளிக்ஸும். ஆண்டுச் சந்தாக்களை வரிசையாக எழுதிக் கூட்டினோம். கேபிளுக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு! கம்பியை அறுத்தவன் கையில் ஐந்து கயிறுகளைக் கட்டிக்கொண்ட கதையாயிற்று.

இன்றைய விலை நாளைக்கும் நிற்குமா என்றால் அதுவும் இல்லை. அமேசானின் பிரைம் சந்தா 2016-இல் ஆண்டுக்கு 499 ரூபாய் என்று ஆரம்பித்தது. பிறகு 999, 2021 டிசம்பரில் 1,499. அதே டிசம்பரில் நெட்பிளிக்ஸ் விலையைக் குறைத்தது வாஸ்தவந்தான். ஆனால் 2023 ஜூலையில், ஒரு சந்தாவை வேறு வீட்டாருடன் பகிர்ந்துகொள்வதற்குத் தடை போட்டது. 2025 ஜூனில் அமேசானில் விளம்பரமும் வந்து சேர்ந்தது. 2023-இல் ஐ.பி.எல். பந்தயங்களை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியபோது தேசமே கொண்டாடிற்று. 2025 பிப்ரவரியில் அதுவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகிவிட்டன. இரண்டு கடைகள் போட்டி போடும்போது வாடிக்கைக்காரனுக்கு வெற்றிலை பாக்கு கிடைக்கும். இரண்டும் ஒரே கடையான பிறகு யார் கொடுப்பார்கள்?

கிரிக்கெட்டைப் பற்றி இன்னொரு சிறு துயரம். இண்டர்நெட்டில் வரும் ஆட்டம் கேபிளில் வருவதற்கு அரை நிமிஷம் வரை பின்தங்கி வரும். பந்து வீசுகிறவர் ஓடத் தொடங்கும்போதே அடுத்த வீட்டில், "அவுட்!" என்று ஆர்ப்பரிக்கிறார்கள். நாம் நடந்து முடிந்துவிட்ட விதியை எதிர்நோக்கி உட்கார்ந்திருக்கிறோம்.

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய இலவச வட்டில் அது, இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ் என்று பெயர். வட்டிலையும் பெட்டியையும் ஒரு முறை விலை கொடுத்து வாங்கி மாட்டிவிட்டால் மாதச் சந்தா ஒரு காசு கிடையாது. நாட்டில் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் அது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஏழை எளியவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் டெலிவிஷன் உலகில் வேறொருவரும் செய்ததில்லை என்பது நமது அபிப்பிராயம். ஆனால் ஹிந்தி பேசும் வீட்டில் விருந்தாக இருக்கும் இந்த இலை, தமிழ் வீட்டில் ஏறக்குறைய வெறும் இலை. பொதிகை என்ற அழகிய பெயரை 2024 ஜனவரியில் துறந்து டி.டி. தமிழ் ஆகிவிட்ட நம் பழைய சிநேகிதரைத் தவிர, தமிழ்ச் சானல்கள் அதில் மிகச் சிலவே. காரணம் இரகசியமல்ல. தனியார் சானல்கள் ஏலத்தில் பணம் கட்டி அதில் இடம் பிடிக்கவேண்டும். வீட்டுக்கு 19 ரூபாய் வாங்கும் சானல், அதையும் விட்டு, இடத்துக்கும் பணம் கட்டி இலவசமாக வருமா? பொது ஜனங்களின் பணத்தில் பறக்கும் சாட்டிலைட்டில் தமிழுக்கும் மற்றத் தென்னாட்டு மொழிகளுக்கும் தக்க இடம் ஒதுக்க வேண்டியது சர்க்காரின் கடமை. இதற்குச் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நம் பிரதிநிதிகள் குரல் கொடுத்தால், இலவசப் பெட்டி கொடுத்ததைவிட அது பெரிய காரியமாக இருக்கும்.

கணக்கெல்லாம் முடிந்து கடைசியில் நம் வீட்டில் செய்த ஏற்பாடு இதுதான். செய்திக்குப் பணம் வேண்டியதில்லை; தமிழ்ச் செய்திச் சானல்கள் பல யூட்யூபில் நேரலையாகவே கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரு சமயத்தில் ஒரே சந்தா. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டியது. பாட்டிக்கு அவள் கதைகள் உள்ள இரண்டு சந்தாக்கள். இவை நிரந்தரம், இவற்றில் எவரும் கை வைக்கலாகாது. இப்படிச் செய்தால் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சமாகிறது. பிரமாதமான தொகையல்ல, இல்லத்தரசியின் கைக்கு அது போகும் என்று தீர்மானமாகியிருக்கிறது.

ஆயினும் முதல் வாரம் நம் தாயார் பட்ட கஷ்டத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. கேபிளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கதை வரும். அது எந்தப் பொத்தான் என்று அவள் விரலுக்கே தெரியும். இங்கேயோ, பெட்டியைத் திறந்தால் நூறு படங்கள் சதுரம் சதுரமாக நிற்கின்றன, 'பாஸ்வேர்டு' கேட்கிறது, 'அப்டேட்' என்கிறது. எட்டு மணிக்கு நாம் வேறு வேலையாக இருந்துவிட்டால், அவள் யாரையும் கூப்பிடாமல் கறுத்த திரையைப் பார்த்தவாறு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அதைக் கண்ட நமக்கு 3,540 ரூபாய்க் கணக்கெல்லாம் அற்பமாகத் தோன்றிற்று. பிறகு நம் புதல்வி, ரிமோட்டில் உள்ள பேச்சுப் பொத்தானின்மேல் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்து, அதை அழுத்திக்கொண்டு கதையின் பெயரைச் சொல்லப் பழக்கினாள். முதலில் பெட்டிக்கு அவள் தஞ்சாவூர்த் தமிழ் புரியவில்லை, அவளும் விடவில்லை. இப்போது, "நேற்று விட்டுப்போனதையும் போடு" என்று அதட்டுகிற அளவுக்கு வந்திருக்கிறாள். அதட்டலுக்குப் பெட்டி பணிகிறதா என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் தேதி கேபிள்காரர் வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக மழையிலும் புயலிலும் கம்பம் ஏறி நம் படத்தை மீட்டுக் கொடுத்தவர். விஷயத்தைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. மென்று விழுங்கிச் சொல்லி முடித்தோம். அவர் வருத்தப்படவில்லை, சிரித்தார்.

"தெருவிலே பாதி வீடு நிறுத்தியாச்சு, சார். நீங்கள்தான் தாமதம். போகட்டும், ஃபைபருக்கு அந்தக் கம்பெனிக்கு என்ன கட்டுகிறீர்கள்? நானும் இப்போது இண்டர்நெட் கொடுக்கிறேன். ஐம்பது ரூபாய் குறைத்துத் தருகிறேன். கம்பி பழைய வழியிலேயே வந்துவிடும், ஜன்னலிலே புதுத் துளைகூடப் போடவேண்டாம்."

உள்ளேயிருந்து நம் தாயார், "யாரு, கேபிள் தம்பியா? ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்லு" என்றாள். அவர் உட்கார்ந்து, நம் பெயர் எழுதியிருந்த பழைய நோட்டுப் புத்தகத்திலேயே ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினார்.