வர்த்தமானி வந்தபோது வாசிகசாலை பூட்டியிருந்தது

வடமராட்சி கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், 2025 ஓகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையை ஒட்டி ஓர் உரைத்தொடரை நடத்தினோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், நான்கு விடயங்கள்: காணி, நுண்கடன், காணாமல் ஆக்கப்பட்டோர், போதைப்பொருள். ஞாயிறுகளில் எங்கள் ஊரார் கடலுக்குப் போவதில்லை என்பதால் அந்த நாளைத் தெரிந்தோம். ஒழுங்கு செய்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் நாள் காணி பற்றிய உரை முடிந்து, கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம் என்று அறிவித்தேன். கடைசி வாங்கில் இருந்த அம்மா ஒருவர் எழும்பினார். மைக்கை வாங்கவில்லை.

"தம்பி, இவ்வளவும் இப்ப சொல்லுறியள். நல்லது. அந்த மூண்டு மாசமும் நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. என்னிடம் பதிலும் இருக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அவர் சொன்ன மூன்று மாதம் எது என்பது வடக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2025 மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளியானது. வடக்கு மாகாணத்தில் 5,941 ஏக்கர் காணி அதில் குறிக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 ஏக்கர். இந்தக் காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் உரிமையை நிரூபிக்க வேண்டும், இல்லையேல் அவை அரச காணிகளாகக் கொள்ளப்படும் என்பதே அதன் சாரம்.

சட்டத்தின் மொழியில் இது ஒரு சாதாரண நிர்வாக நடைமுறை. அந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, 1931இல் வந்தது. ஆனால் மூன்று மாதம் என்ற கணக்கை எங்கள் ஊருக்குள் கொண்டுவந்து பாருங்கள். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் வந்தபோது பெட்டியோடு போன உறுதிகள் எத்தனை? இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் 2009இல் முள்ளிவாய்க்காலில் உயிரை மட்டும் கொண்டுவந்தவர்களின் பைகளில் என்ன பத்திரம் இருந்திருக்கும்? காணிக்காரர் இறந்துவிட்டார். மூத்த மகன் காணாமல் ஆக்கப்பட்டுவிட்டார். அவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கத் தாய்க்கு மனமில்லை. மகள் கனடாவில், தம்பி குடும்பம் தமிழ்நாட்டில் அகதி முகாமில். இந்தக் குடும்பம் மூன்று மாதத்துக்குள் எந்த அலுவலகத்தில், யாருடைய கையெழுத்தோடு, எந்தப் பத்திரத்தைக் கொடுத்து உரிமையை நிரூபிக்கும்?

வர்த்தமானி தடுக்கப்பட்டது என்பது உண்மை. அரசியல்வாதிகளும் சட்டத்தரணிகளும் குரல் எழுப்பினார்கள். சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரன் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் ஜூன் 27ஆம் திகதி இடைக்காலத் தடை விதித்தது. அதாவது மூன்று மாதம் முடிகிற விளிம்பில். அதனோடு அரசாங்கமும் வர்த்தமானியை மீளப் பெற்றுக்கொண்டது. நாங்கள் மூச்சு விட்டோம்.

ஆனால் அந்த வெற்றியில் எங்கள் ஊரின் பங்கு என்ன? வர்த்தமானியில் எங்கள் காணித் துண்டுகள் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்தவர்கள் இரண்டு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். பலர் அதைக் கேள்விப்பட்டதே மே மாதக் கடைசியில்தான். அந்த நாட்களில் எங்கள் சனசமூக நிலையம் பூட்டியிருந்தது. ஆண்டுக்கொருமுறை விளையாட்டுப் போட்டிக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் திறப்பார்கள். திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதே ஒரு பிரச்சினையாக இருந்தது. அந்த அம்மா கேட்டது இதைத்தான்.

இது முதல் தடவையும் அல்ல. 2016இல் 5ஆம் இலக்கச் சட்டமாக ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஒருவரின் காணியில் இன்னொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி இருந்தால் அவருக்கே உரிமை சேரலாம் என்பது நாட்டின் பொதுவான சட்டம். போரினால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு அது அநியாயம் என்பதால், 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு அந்தச் சட்டம் வழி செய்தது. ஆனால் வழக்குப் போட இரண்டு ஆண்டுகளே கொடுக்கப்பட்டன. முதல் ஞாயிறன்று உரையாற்றிய சட்டத்தரணி, இதைக் கேள்விப்பட்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். எழுபது பேர் வரை இருந்த கூட்டத்தில் ஒரு கைகூட உயரவில்லை. எனது கையும்தான்.

எமக்கு எதிராக வந்த அறிவித்தலும் தெரியவில்லை. எமக்குச் சாதகமாக வந்த சட்டமும் தெரியவில்லை. இரண்டும் காலக்கெடுவோடு வந்தன. போருக்குப் பிறகு உரிமை என்பது பெரும்பாலும் ஒரு திகதிக்கு முன்னால் தெரிந்துகொள்வதாகவே இருக்கிறது. அதனால்தான் ஊர்மட்டத்தில் நடக்கிற இப்படியான உரைகளை நான் பொழுதுபோக்காகவோ கலை நிகழ்வாகவோ பார்க்கவில்லை.

விழிப்புணர்வுக் கூட்டங்கள் எங்களுக்குப் புதிதல்ல என்று சிலர் சொல்லக்கூடும். சரிதான். 2009க்குப் பிறகு எத்தனை கருத்தரங்குகள் வந்தன! வரவுப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு கொப்பி, ஒரு பேனை, மதியம் சாப்பாட்டுப் பார்சல், முடிவில் பதாகையோடு ஒரு படம். வந்தவர்கள் தங்களுடைய திட்டத்தில் எழுதியிருந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் கேள்விக்கு அந்தத் திட்டத்தில் இடமிருக்கவில்லை. அதில் கெட்டவர்கள் என்று யாருமில்லை. ஆனால் திட்டம் முடிந்த அன்றே தொடர்பும் முடிந்தது.

இரண்டாவது ஞாயிறு நுண்கடன். அன்று பெண்களே கூடுதலாக வந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் 2018இல் இலங்கைக்கு வந்து போனபோது, சில நுண்கடன்களின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை போனதைச் சுட்டிக்காட்டியிருந்தார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் பெற்ற பெண்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பேச்சாளர் இதையெல்லாம் விளக்கினார். ஆனால் மக்கள் கேட்டது வேறு. "வட்டி எவ்வளவு எண்டு காசு தரேக்க எழுத்தில கேக்கலாமோ?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். கேட்கலாம், கேட்க வேண்டும் என்பது பதில். கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று தன்னிடமும் இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்ததாகப் பலர் சொன்னார்கள்.

மூன்றாவது ஞாயிறு, காணாமல் ஆக்கப்பட்டோர். செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. 1999இல் செம்மணியில் 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டதோடு நின்றுபோன கதை, 2025இல் ஒரு பள்ளிக்கூடப் புத்தகப்பையோடும் பொம்மையோடும் மறுபடி வெளியே வந்திருந்தது. மீட்கப்பட்ட பொருட்களை ஓகஸ்ட் 5ஆம் திகதி பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்தும் இரண்டு தாய்மார் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அன்று பேச்சாளர் தயாரித்து வந்த உரையில் பாதியைத்தான் வாசித்தார். மிகுதி நேரம் அந்தத் தாய்மார் பேசினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நான்காவது ஞாயிறு தோற்றோம். போதைப்பொருள் பற்றி இளைஞர்களிடம் பேச அழைத்தோம். வந்தவர்கள் தாய் தகப்பன்மாரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்தான். பொடியன்கள் வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு முழுவதும் ஒழுக்கம் பற்றியதாக இருந்தது. வேலை பற்றி, கடலில் இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவது பற்றி, படித்தும் வீட்டில் இருப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்களைப் பற்றிப் பேசினோமே தவிர அவர்களோடு பேசவில்லை. அடுத்த முறை அவர்களில் ஒருவர் மேடையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்குப் பிறகு, யார் பேசுகிறார்கள், யார் வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு ஒருவர் வந்தார். எங்கிருந்து வந்தவர் என்று சொல்லவில்லை. அடுத்த கிழமை சில கதிரைகள் வெறுமையாக இருந்தன. பயம் எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஆனால் அதற்கடுத்த கிழமை அந்தக் கதிரைகளில் பாதியில் ஆட்கள் இருந்தார்கள்.

உரைத்தொடர் முடிந்தபின் நிர்வாகக் குழுவில் நான் வைத்த யோசனைகள் சிறியவை. வாரத்தில் இரண்டு மாலை நிலையம் திறந்திருக்க வேண்டும். இணையத்தில் வெளியாகிற வர்த்தமானிகளைப் பார்த்து, எங்கள் பிரதேசம் பற்றியதை அச்சிட்டு அறிவித்தல் பலகையில் ஒட்ட ஒரு பிள்ளை பொறுப்பாக இருக்க வேண்டும். உறுதி தொலைந்தவர்கள் உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முடியும். அந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். பழைய வாக்காளர் இடாப்பும் வரிப் பற்றுச்சீட்டும் அங்கே வாழ்ந்ததற்குச் சான்றாக உதவும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். கேட்பதற்கும் பழக வேண்டும். இவற்றுக்கு வெளிநாட்டுக் காசு தேவையில்லை. ஒரு திறப்பும் சில மணித்தியாலங்களும் போதும்.

ஒரு வர்த்தமானியை மீளப் பெற்றதால் அந்தச் சட்டம் இல்லாமற் போகவில்லை. 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படியே இருக்கிறது. வேறு இலக்கத்தில், வேறு திகதியில் இன்னொன்று வரலாம்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்கு நிலையம் திறக்கிறது. முதல் வெள்ளி அந்த அம்மா வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே பாதி நனைந்து காய்ந்த ஒரு வரிச்சீட்டும், சுனாமி நிவாரண அட்டையும், கணவரின் பழைய அடையாள அட்டையும் இருந்தன. மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இதில என்ன இருக்கு எண்டு முதல்ல வாசிச்சுச் சொல்லுங்கோ தம்பி" என்றார்.